தம்பிக்காக நின்ற கப்பல்

என் தம்பிக்கு இரண்டே கால் வயதாகும்வரை அவன் தலையில் கத்தரிக்கோலோ சவரக்கத்தியோ பட்டதில்லை. எங்கள் ஊரில் பிள்ளை பிறந்து நாற்பது நாளுக்குள் முடி இறக்கிவிடுவார்கள். அவனுக்கு இருபத்தைந்து நாளாக இருக்கும்போது சூறாவளி வந்தது. கல்முனையில் வீட்டுக்கு வீடு ஓடு பறந்த அந்த இரவில், உம்மா அவனைத் துணியில் சுற்றி நெல்லுப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதன்மேல் தானே கவிழ்ந்து கிடந்தார். இந்தப் பிள்ளை விடியும்போது உயிரோடு இருந்தால் இவனுடைய முடியை நாகூருக்குக் கொண்டுபோய்த்தான் இறக்குவேன் என்று அப்போது நேர்ந்துகொண்டார். விடிந்தபோது கூரை இல்லை. பிள்ளை இருந்தான்.

அதன்பிறகு அந்த முடி வளர்ந்துகொண்டே இருந்தது. உம்மா ஒவ்வொரு காலையும் தேங்காய் எண்ணெய் வைத்து, வாரி, பின்னிச் சுருட்டிப் பிடரிக்கு மேலே கட்டிவிடுவார். சந்தைக்குப் போனால் மீன்காரர்கள் "இந்தப் பொட்டப்புள்ளைக்கு ஒரு சூடை மீன் குடுங்கடா" என்பார்கள். அவன் கோபப்படமாட்டான். மீன் கிடைத்தால் அவனுக்குப் போதும்.

பக்கத்து வீட்டு மாமி ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டார். "நாகூர் ஆண்டவர்ர கொடி நம்மட கடற்கரைப் பள்ளியிலயும்தானே ஏறுது. அங்க வெச்சு இறக்கினா என்னகா?"

"நான் வாய் திறந்து சொன்னது நாகூர்" என்றார் உம்மா. "கல்முனையெண்டு சொல்லல்ல."

வாப்பா கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தக் காத்துக்குள்ள கொஞ்சம் கிட்ட ஒரு ஊரச் சொல்லியிருக்கப்படாதா? அக்கரைப்பற்றெண்டு சொல்லியிருந்தா பஸ்ஸில போய்ட்டு வந்திருக்கலாம்."

ஆனால் வாப்பாவும் அந்த வாக்கை மறக்கவில்லை. இரண்டு பெரும்போகக் காசும் கூரைக்கும் கதவுக்கும் போனது. மூன்றாவது பெரும்போக வெள்ளாமை வெட்டி முடிந்ததும், "இந்த முறை போவம்" என்றார்.

அப்போதுதான் என்னுடைய காலம் வந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ச் சோதனை பாஸ் பண்ணிய முதல் ஆள் நான். வாப்பா தன் பெயரைக் கையெழுத்தாகப் போடுவார். அதற்கு மேல் எழுதமாட்டார். உம்மாவுக்கு அதுவும் வராது. கடவுச்சீட்டுக்கான படிவங்களை நான்தான் நிரப்பினேன். படம் பிடிக்கிற கடையில் தம்பியின் பின்னலை அவிழ்த்து எல்லாவற்றையும் முகத்துக்குப் பின்னால் தள்ளி, ஆண்பிள்ளையாகத் தெரியும்படி பிடித்து வைத்தவளும் நான்தான். எனக்குப் பதினெட்டு வயது. ஆங்கிலத்தில் எழுதிய எந்தப் பலகையையும் வாசிப்பேன். கைப்பைக்குள் எங்கள் எல்லாருடைய கடவுச்சீட்டுகளும் இருந்தன. அந்தப் பையின் பாரம் எனக்குப் பிடித்திருந்தது.

நேர்ச்சையில் எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை. "காத்து நிண்டதுக்கும் தலைமுடிக்கும் என்ன சம்பந்தம் உம்மா?" என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். உம்மா பின்னலை முடித்துவிட்டு, சீப்பில் நின்ற இரண்டு மயிரை எடுத்து ஒரு சுருக்குப் பைக்குள் போட்டார். உதிர்ந்த முடியைக்கூட அவர் எறியவில்லை. அதுவும் நாகூருக்குப் போகவேண்டியது.

கல்முனையிலிருந்து பஸ்ஸில் மட்டக்களப்பு. அங்கிருந்து ரயில். மாகோவில் இறங்கி வேறு ரயில். ஒரு பகலும் ஓர் இரவும் தம்பி யன்னல் ஓரத்தை விட்டு இறங்கவில்லை. போகும் வழியில் தென்பட்ட ஒவ்வொரு மாட்டையும் எங்களுக்கு அறிவித்தான். கடைசியில் ரயில் தரையை விட்டுக் கடலுக்குள் ஓடுகிறதோ என்று நான் பயந்த நேரம், அது தலைமன்னார் இறங்குதுறையின் மேலேயே போய் நின்றது. இரண்டு பக்கமும் தண்ணீர். எதிரே கப்பல்.

நாங்கள் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள். அலைச்சத்தம் எங்கள் காதில் விழுவதேயில்லை, அவ்வளவு பழக்கம். ஆனால் எங்கள் வீட்டில் ஒருவரும் கடலின்மேல் போனதில்லை. வாப்பா வயல்காரர், நாவிதன்வெளிப் பக்கம்தான் அவருடைய உலகம். கல்முனையில் கடல் என்பது ஊர் முடிகிற இடம். தோணிகள் போய் வரும், கரைவலை இழுப்பார்கள், அதற்கு அப்பால் ஒன்றும் இல்லை. இங்கே, அந்த ஒன்றும் இல்லாத இடத்துக்குப் போவதற்கென்று ஒரு வீடு கட்டி மிதக்க விட்டிருந்தார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தின் இரண்டு மாடிக் கட்டிடத்தைத் தூக்கித் தண்ணீரில் வைத்தாற்போல் இருந்தது. வெள்ளைச் சுவர், படிகள், யன்னல்கள். வாப்பா கழுத்தை வளைத்து மேலே பார்த்தபடி நின்றார். தொப்பி கழன்று பின்னால் விழுந்தது. அதை எடுக்கவும் மறந்துவிட்டார்.

நாங்கள் ஏறிக்கொண்டிருக்கும்போதே கப்பல் ஊதியது. அந்தச் சத்தம் காதால் கேட்டதல்ல. நெஞ்செலும்பில் வந்து விழுந்தது. உம்மா "யா அல்லாஹ்" என்று உட்கார்ந்துவிட்டார். தம்பி அழுவான் என்று நினைத்தேன். அவன் வாயைத் திறந்தபடி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கப்பலைப் பார்த்து, "இன்னொருக்கா!" என்று கட்டளை போட்டான்.

மேல்தளத்தில் எங்களுக்கு உட்கார ஒரு வாங்கு கிடைத்தது. உம்மா உட்கார்ந்ததும் முதல் வேலையாக வாப்பாவின் பழைய சால்வையை எடுத்து, ஒரு தலைப்பைத் தம்பியின் இடுப்பிலும் மறு தலைப்பைத் தன் மணிக்கட்டிலும் கட்டினார். தம்பி சால்வை விட்ட தூரம்வரை ஓடுவான், இழுபட்டு விழுவான், எழும்பிச் சிரிப்பான்.

கரை விலகியது. தண்ணீர் முதலில் பச்சையாக இருந்தது. பிறகு எனக்குப் பெயர் தெரியாத ஒரு நிறமானது. கரையில் நின்று பார்க்கும்போது கடல் எப்போதும் நம்மை நோக்கி வந்துகொண்டேயிருக்கும். இங்கே அது யாரையும் நோக்கி வரவில்லை, தன்பாட்டில் இருந்தது. வாப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இவ்வளவு தண்ணி" என்றார். "மடை திறக்கிற ஐயாக்கிட்டக் காட்டணும். ஒரு அங்குலத்துக்கு எவ்வளவு கெஞ்ச வெக்கிறான்."

"உப்புத்தண்ணி வாப்பா."

"தெரியும் மகள். பாக்கத்தானே செய்யிறன்."

சற்று நேரத்தில் அலையாட்டம் உம்மாவைப் பிடித்துவிட்டது. கண்ணை மூடி வாங்கில் சாய்ந்துவிட்டார். எங்களுக்கு எதிரே கொழும்புக்காரப் பெண்மணி ஒருவர் கறுப்புக் கண்ணாடி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைப் பார்த்து, "என்ன அழகான பிள்ளை! ஏன் பாவம், ஆட்டுக்குட்டி மாதிரிக் கட்டி வச்சிருக்கீங்க?" என்று சிரித்தார். அவருடன் வந்தவர்களும் சிரித்தார்கள். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் எனக்குக் காது மடல்வரை சுட்டது. நாங்கள் யார் என்று அந்தச் சால்வை காட்டிக்கொடுத்துவிட்டதாக நினைத்தேன்.

உம்மாவின் மணிக்கட்டிலிருந்து முடிச்சை அவிழ்த்தேன்.

உம்மா கண்ணைத் திறக்காமலே, "என்ன செய்யிறாய்?" என்றார்.

"நான் பாத்துக்கொள்றன் உம்மா. ஆக்கள் பாக்காங்க."

"பாக்கட்டும். கைய விடாத. இது வயல் இல்ல."

"எனக்குத் தெரியாதா உம்மா?"

அவனுடைய இடுப்பிலிருந்தும் அவிழ்த்து, சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, அவன் கையைப் பிடித்துக்கொண்டு தளத்தில் நடந்தேன். நன்றாகத்தான் நடந்தோம். பிறகு கப்பல்காரர் ஒருவர் வந்து எல்லாருக்கும் படிவம் கொடுத்தார். இராமேஸ்வரத்தில் இறங்குவதற்கு முன் நிரப்ப வேண்டுமாம். எங்களுடையதைக் கண்மூடித் திறப்பதற்குள் எழுதி முடித்தேன். அதை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார். மலைநாட்டிலிருந்து வந்தவர், தோட்டத் தொழிலாளி. பக்கத்தில் தகரப் பெட்டிகள், சட்டி பானைகள், மனைவி, பிள்ளைகள்.

"தங்கச்சி, எங்களுக்கும் கொஞ்சம் எழுதித் தருவியாம்மா?"

எழுதிக் கொடுத்தேன். பெயர், வயது, பிறந்த இடம். பிறந்த இடம் ஒரு தோட்டத்தின் பெயர். போய்ச் சேரும் இடம் என்ற கோட்டுக்கு அவர் மடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்துக் காட்டினார். அதில் இருந்த ஊரின் பெயரை அவரும் அப்போதுதான் என் வாயால் கேட்டார். இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

"திரும்பி வாற திகதி?" என்று கேட்டேன்.

"அது இல்லம்மா" என்றார்.

அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு முன்னால், அவரைப்போலவே ஒரேயடியாக இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட பத்துப் பதினைந்து பேர் படிவத்தோடு நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் அதே கோடு போடவேண்டியிருந்தது. எழுத இரண்டு கையும் தேவைப்பட்டன. ஒன்று பேனைக்கு, மற்றது காற்றில் பறக்கிற கடதாசியைப் பிடிக்க. தம்பியை என் முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தியிருந்தேன். "எழுத்து முத்துப்போல இருக்கு" என்று யாரோ சொன்னார்கள். அதைக் கேட்டபோது நான் சிரித்ததும் நினைவிருக்கிறது. முழங்கால்களுக்கு நடுவே எப்போது வெறுமையானது என்பது நினைவில்லை.

"ஐயோ, புள்ள!"

கத்தியது அந்தத் தோட்டக்காரரின் மனைவி. கப்பலின் பின்பக்கத்தில், நெட்டுக்குத்தாக நிற்கிற இரும்புக் கம்பிகளுக்கு முன்னால் தம்பி முழங்காலிட்டிருந்தான். உடம்பு இந்தப் பக்கம். தலை கம்பிகளுக்கு அப்பால், கடலுக்கு மேலே. கப்பல் கடைந்து விட்ட வெள்ளை நுரையைப் பார்த்து, "பால்! பால் ஓடுது!" என்று கூவிக்கொண்டிருந்தான்.

ஓடிப்போய் அவனைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். அப்போதுதான் அவன் அழுதான்.

அழுகை கேட்டதும் உம்மா வந்தார். கண்ணைத் திறக்க முடியாமல் கிடந்தவர், ஆடுகிற தளத்தில் ஒன்றையும் பிடிக்காமல் நடந்து வந்தார். வாப்பா பின்னால் வந்தார். சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. ஒருவர் எண்ணெய் என்றார், ஒருவர் சவர்க்காரம் என்றார், ஒருவர் கம்பியை அறுக்க வேண்டும் என்றார். உம்மா பையிலிருந்த எண்ணெய்ப் போத்தலை அவன் காதிலும் கன்னத்திலும் ஊற்றினார். ஊற்றி இழுத்தும் வரவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு கப்பல் தொழிலாளி வந்தார். நீலச் சட்டை, பாதி நரைத்த தாடி; பேச்சில் இராமநாதபுரக் கரையின் வாடை. தரையில் உட்கார்ந்து தம்பியின் தலையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார்.

"காது மடங்குது தாயீ. இந்த முடிதான் மடங்க மாட்டேங்குது. பின்னல அவுத்தாலும் பந்து மாதிரித் திரண்டு நிக்கிது. பின்னாடி ஒட்டச் செரைச்சுட்டு எண்ணெயப் போட்டா வழுக்கிட்டு வந்துரும்."

யாரோ கத்தரிக்கோலை நீட்டினார்கள். உம்மா கையைக் கம்பிக்குள் நுழைத்துத் தம்பியின் பிடரியைப் பொத்திக்கொண்டார்.

"முடியத் தொடாதீங்க. இது நாகூருக்கு நேர்ந்த முடி."

அந்த மனிதர் கத்தரிக்கோலை வாங்கிக் கீழே வைத்தார். "நாகூருக்கா?" என்றார்.

நான் சொன்னேன். "உம்மா, வெட்டட்டும். புள்ள அழுது அழுது வீங்குறான். முடி முளைக்கும் உம்மா. நாகூருக்குப் போற வழியிலதானே வெட்டுறம். அல்லாஹ்வுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரிந்த நியாயம் எல்லாம் அதுதான். உம்மா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நான் சொன்னதை அவர் கேட்டார் என்பது தெரிந்தது. மனதில் எடை போட்டுப் பார்த்தார் என்பதும் தெரிந்தது. பிறகு வாப்பாவைப் பார்த்தார்.

"உன்ட வாக்கு. நீதான் சொல்லணும்" என்றார் வாப்பா.

நீலச்சட்டைக்காரர் தன் உள்ளங்கையை விரித்துத் தம்பியின் நெஞ்சை முன்னும் பின்னுமாக அளந்தார். அதே கையைக் கம்பி இடைவெளியில் வைத்துப் பார்த்தார். "தாயீ, இன்னொரு வழி இருக்கு. பச்சப்புள்ளைக்குத் தலைதான் பெருசு. தலை போன வழியில உடம்பு போயிரும். உள்ள இழுக்க முடியலன்னா வெளிய எடுக்கலாம். நான் வெளிப்பக்கம் எறங்கி நின்னு வாங்குறேன். வாங்கி, கம்பிக்கு மேல தூக்கித் தாரேன்."

வெளிப்பக்கம் ஒரு சாண் அகல விளிம்பு. அதற்குக் கீழே கடல்.

வெள்ளை உடுப்புப் போட்ட அதிகாரி ஒருவர் வந்து, கூடாது என்றார். இரண்டு பேரும் ஏதோ சத்தம் போட்டுப் பேசினார்கள். அதிகாரி குனிந்து தம்பியின் முகத்தைப் பார்த்தார். வெளியே நீட்டிக்கொண்டு நின்ற அந்தச் சின்ன முகம் சிவந்து போயிருந்தது. அவர் நிமிர்ந்து விடுவிடுவென்று படியேறிப் போனார்.

அதன் பிறகு நடந்ததை நான் பலருக்குச் சொல்லியிருக்கிறேன். யாரும் முழுதாக நம்பியதில்லை. கப்பல் நின்றது.

முதலில் காலுக்குக் கீழே இருந்த அதிர்வு குறைந்தது. பிறகு அது இல்லாமல் போனது. காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த இரைச்சல் நின்றபோதுதான் அப்படி ஒன்று இருந்தது என்றே தெரிந்தது. நூற்றுக்கணக்கான சனத்தையும் கார்களையும் பெட்டிகளையும் ஏற்றிய அந்தப் பெரிய வெள்ளைக் கட்டிடம், நாவிதன்வெளியில் வயல் செய்கிற ஒரு மனிதரின் இரண்டே கால் வயதுப் பிள்ளைக்காக நடுக்கடலில் நின்றது. நுரை கரைந்தது. தண்ணீர் கண்ணாடிபோல் ஆனது. எங்கள் கடலில் நான் ஒருநாளும் கண்டிராத அமைதி. இரண்டு நாட்டுக்கும் நடுவில், ஒரு கரையும் தெரியாத இடத்தில், பறவைகூட இல்லை. எல்லாரும் பார்க்க ஓடி வந்ததில், "ஒரே பக்கம் நிக்காதீங்க! அந்தப் பக்கம் போங்க!" என்று யாரோ அதட்டினார்கள். அதன்பிறகு அந்தக் குரலும் இல்லை.

நீலச்சட்டைக்காரர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு உம்மாவின் முன்னால் நின்றார். உம்மாவின் பதிலுக்காகத்தான் அவர் நின்றார். ஒரு கப்பலே உம்மாவின் பதிலுக்காக நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத, இந்தப் பயணத்துக்கு முன் மட்டக்களப்புக்கு அப்பால் போகாத என் உம்மா, கடலைப் பார்த்தார். தம்பியின் முடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"உங்களுக்குப் புள்ளைகள் இரிக்கா?" என்று கேட்டார்.

"நாலு, தாயீ."

"எடுங்க."

உம்மா பையிலிருந்த சால்வையை வாங்கி, தம்பியின் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிந்து, மறு தலைப்பைக் கம்பி இடைவெளியால் வெளியே விட்டு, மேலால் திருப்பி எடுத்து வாப்பாவின் இரண்டு கையிலும் வைத்தார். அந்த மனிதர் "பிஸ்மில்லா" என்று கம்பியைத் தாண்டி இறங்கினார். விளிம்பில் குந்தி, ஒரு கையால் தம்பியின் கழுத்தையும் தோளையும் ஏந்தினார். ஒரு தோளைச் சரித்து வெளியே எடுத்தார். பிறகு மற்றது. தம்பி மெல்ல மெல்ல எங்களிடமிருந்து போனான். நெஞ்சு, வயிறு, இடுப்பு. கடைசியில் எங்கள் பக்கம் இருந்தது அவனுடைய இரண்டு கால்கள் மட்டும். அவற்றை நான் பிடித்திருந்தேன்.

"விடும்மா" என்றார் அவர்.

நான் விடவில்லை.

"கால விடு தங்கச்சி. நான் வாங்கிட்டேன்."

சற்று முன் நினைவே இல்லாமல் விட்ட பிள்ளையை, இப்போது தெரிந்துகொண்டு விடவேண்டியிருந்தது. என் விரல்கள் எனக்குக் கீழ்ப்படியவில்லை. உம்மா என் கைமேல் கையை வைத்தார். விரல்கள் திறந்தன.

தம்பி வெளியே இருந்தான். கப்பலுக்கு வெளியே, கடலுக்கு மேலே, முன்பின் தெரியாத ஒரு மனிதரின் கையில். இழுபறியில் அவிழ்ந்த முடி காற்றில் பறந்தது. அவன் அழவில்லை. கீழே கடலைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். ஒரு மூச்சு நேரம்தான். ஆனால் அந்த மூச்சுக்குள் நான் கண்டது எவ்வளவு என்று இன்னும் எழுதி முடிக்க முடியவில்லை: கடல் எவ்வளவு பெரியது, பிள்ளை எவ்வளவு சிறியது, அதை ஏந்திய அந்த இரண்டு கை எவ்வளவு போதுமானது.

அவர் அவனைத் தலைக்கு மேல் தூக்கினார். உம்மா வாங்கினார்.

கூட்டத்தில் "அல்லாஹு அக்பர்" என்று ஒரு பக்கமும் "முருகா" என்று மறுபக்கமும் எழுந்தது. கொழும்புப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதுகொண்டிருந்தார். வாப்பா சால்வையின் தலைப்பை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். உம்மா தம்பியின் தலையை முகர்ந்தார்; பிறகு விரலால் முடியைக் கோதிக் கோதிப் பார்த்தார். கம்பி மசகு ஒரு பக்கம் ஒட்டியிருந்தது. மற்றபடி ஒன்றும் குறையவில்லை.

கப்பல் ஊதியது. "இன்னொருக்கா" என்றான் தம்பி, விக்கலுக்கு நடுவே. எல்லாரும் சிரித்தார்கள். காலுக்குக் கீழே அதிர்வு திரும்பி வந்தது.

உம்மா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "போய் எழுதிக்குடு. பாவம், காத்திருக்காங்க" என்றார். போனேன். தோட்டக்காரரின் மனைவி என் பேனையைப் பத்திரமாக வைத்திருந்தார். மீதிப் படிவங்களில் என் எழுத்து முத்துப்போல் இருக்கவில்லை.

மூன்றாம் நாள் நாகூரில் முடி இறங்கியது. நாவிதர் மசகு ஒட்டிய இடத்தைப் பார்த்து, "இது எங்க பிடிச்சது?" என்று கேட்டார். "கடல்ல" என்றார் வாப்பா. சுருக்குப் பையில் சேர்த்திருந்த உதிர்ந்த முடியையும் உம்மா அந்தக் குவியலில் கொட்டினார். மொட்டைத் தலையில், இரண்டு காதுக்கும் மேலே, கம்பி அகலத்துக்குக் கன்றிய ஒவ்வொரு நீலத் தடம் இருந்தது. உம்மா அவற்றின்மேல் சந்தனம் பூசினார்.

பூசிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "பயமா இருக்கல்லயா உம்மா? முடிக்காகப் புள்ளையக் கடலுக்கு மேல குடுத்தீங்களே."

"பயமில்லாமயா? அவர் இறங்கக்குள்ள கண்ண மூடிட்டன். உன்ட கையப் பிடிச்சதும் மூடிட்டுத்தான்." சந்தனக் கையைச் சீலையில் துடைத்தார். "அந்த முடிய வெட்டியிருந்தாக்கா, இனி இவனுக்கு வாற ஒவ்வொரு காய்ச்சலுக்கும் அதத்தான் நினைச்சிருப்பன். இப்ப காய்ச்சல் வந்தா அது வெறும் காய்ச்சல். ஆசுபத்திரிக்குக் கொண்டு போவம்."

"நான்தான் சால்வைய அவிழ்த்தன்."

"தெரியும். அத வெச்சு நீ அழுதுக்கிட்டு இரிக்காத. புள்ளைக்குத் தொப்பி ஒண்டு வாங்கணும், வெயில் சுடும்."

இதை எழுதும் இப்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். அந்தக் கப்பல் ஓடுவதில்லை; நாடு இருக்கும் நிலையில் இனி எப்போது ஓடுமோ தெரியாது. நேர்ச்சைகளைப் பற்றிய என் எண்ணம் பெரிதாக மாறவில்லை. ஆனால் உம்மா தவறான முடிவு எடுத்தார் என்று யாராவது சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போவேன்.

நாகூரிலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியது அதே கப்பலில்தான். தளம் பாதி வெறுமையாக இருந்தது. தகரப் பெட்டிகளோடு போனவர்கள் யாரும் வரவில்லை. நீலச்சட்டைக்காரர் எங்களைத் தேடி வந்து, "எங்க அந்தச் சடைக்காரன்?" என்று கேட்டார். தொப்பியைக் கழற்றிக் காட்டினோம். உள்ளங்கையால் அந்த மொட்டைத் தலையை ஒருமுறை தடவிவிட்டு, வேலைக்குப் போனார்.

அரைவழி வந்திருக்கும். உம்மாவுக்கு இந்த முறை தலை சுற்றவில்லை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு கம்பியருகே வந்து நின்றார். வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"கப்பல் நிண்டது எவ்விடத்தில மகள்?"

பார்த்தேன். எல்லா இடமும் ஒன்றுபோல் இருந்தது. ஒரு குச்சியோ கல்லோ இல்லை. ஆனாலும் கை நீட்டி, "அந்தா, அதில" என்றேன்.

"அது இல்ல" என்றார் வாப்பா. "அந்தா, அங்கால. எனக்குத் தெரியாதா? சால்வையப் பிடிச்சிக்கிட்டு நிண்டவன் நான்."

"இல்ல வாப்பா, இதுதான்."

"வயல்ல வரம்பு பாக்கிறவன் நான். எனக்குச் சொல்றாய்."

நாங்கள் இருவரும் வாதாடிக்கொண்டிருந்தோம். உம்மா நான் காட்டிய இடத்தைப் பார்த்தார். பிறகு வாப்பா காட்டிய இடத்தையும், அதே அளவு நேரம், பார்த்தார்.